மாற வேண்டியது பிள்ளையா, பாக்கெட்டா?

(காட்சி: பள்ளி மைதானம், இடைவேளை மணி)

மணி அடித்ததும் பிள்ளைகள் கேன்டீனுக்கு ஓடுகிறார்கள். சிலர் மட்டும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். எடை கூடியவர்கள் என்று பிரிக்கப்பட்ட பிள்ளைகள் அவர்கள். சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய 'ட்ரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் பல பள்ளிகளில் நடந்தது இதுதான். அதன் ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் 'டாஃப்' (TAF). திருப்பிப் படித்தால் 'ஃபேட்' (FAT), அதாவது குண்டு. கேலி செய்ய வேறென்ன வேண்டும்?

பருமனான மாணவர்களின் விகிதம் குறைந்தது உண்மைதான். ஆனாலும் பிள்ளைகள் பட்ட அவமானம் பெரிய விமர்சனமாகி, 2007-இல் திட்டம் கைவிடப்பட்டது. அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம்.

(காட்சி: சூப்பர் மார்க்கெட் அலமாரி)

சரி, தென் அமெரிக்காவில் உள்ள சிலிக்குப் போவோம். அங்கே 2016 ஜூனில் அரசு கைவைத்தது பாக்கெட்டின் மேல். சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவற்றில் எது அளவுக்கு மேல் போனாலும் பாக்கெட்டின் முன்பக்கமே கருப்பு எண்கோண முத்திரை. நான்கும் கூடினால் நான்கு முத்திரை! முத்திரை விழுந்த பண்டத்தைப் பள்ளியில் விற்கக் கூடாது. டப்பாவில் கார்ட்டூன் போட்டுப் பிள்ளைகளை இழுக்கவும் கூடாது. கெல்லாக்ஸ் டப்பாவில் சிரித்துக்கொண்டிருந்த புலி காணாமல் போனது. 2018-இலிருந்து காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை முத்திரை விழுந்த பண்டங்களின் டிவி விளம்பரத்துக்கும் தடை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'அம்மா, இதில் முத்திரை இருக்கிறது, வேண்டாம்' என்று பிள்ளைகளே சொல்வதாகத் தாய்மார்கள் ஆய்வாளர்களிடம் சொன்னார்கள். முத்திரை விழும் வகைப் பானங்களை மக்கள் வாங்குவது சுமார் 24 சதவீதம் குறைந்தது. அதற்காக, சிலியில் குழந்தைகளின் எடைப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அங்கே அது இன்னும் பெரிய பிரச்சினைதான். பல வருடங்களாக ஊறிய பழக்கம் ஒரு முத்திரையால் போய்விடாது.

பிரிட்டன் வரி போட்டது. 2018 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோது, 100 மில்லி பானத்தில் 8 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 24 பென்ஸ். வரியைத் தவிர்க்க, அந்தத் தேதிக்கு முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிக்கிற பிள்ளைக்கு இது தெரியக்கூட வேண்டியதில்லை.

(காட்சி: ஜப்பானிய வகுப்பறை)

ஜப்பானில் பள்ளி மதிய உணவுக்கென்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிகளில் வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட பிள்ளைகள் முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். சோறு, சூப், மீனோ காய்கறியோ, பால். ஒல்லியான பிள்ளைக்கும் குண்டான பிள்ளைக்கும் அதே சாப்பாடு. கூடவே உட்கார்ந்து ஆசிரியரும் அதையே சாப்பிடுகிறார்.