புயலின் கணக்கு

(கடலூரில் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடிய அரங்கில் பேசியது)

அவையோருக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் வரலாறு என்றதும் மரக்கன்று கொடுப்பார்கள் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். என் வேலை பழைய தாள்களைப் படிப்பது. அதுவும், யாரோ வேறு எதற்கோ எழுதி வைத்த தாள்கள்.

பக்கத்தில் தேவனாம்பட்டினம். அங்கே செயின்ட் டேவிட் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தபோது, 1749 ஏப்ரலில் ஒரு புயல் அடித்தது. ‘நேமூர்’ என்ற போர்க்கப்பல் முழுகி, 500 பேருக்கு மேல் செத்தார்கள். கடற்படைக்கு அது நஷ்டக் கணக்கு. என் கண் போவது மாதத்தின் மேல். புயல் என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை, மிஞ்சிப்போனால் மார்கழி. இதுவோ சித்திரையில் வந்த புயல்!

1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களை இன்னொரு புயல் சிதறடித்தது. ஆனாலும் அதே மாதம் 16ஆம் தேதி ஊர் பணிந்தது. போர் வரலாறு எழுதுகிறவர் அங்கே பேனாவை மூடிவிடுவார். நமக்கு அப்போதுதான் கேள்வியே தொடங்குகிறது. தென்னந்தோப்புகள் என்ன ஆயின? கிணற்றில் உப்பு ஏறியதா? இதையெல்லாம் பார்த்து எழுதக்கூடிய ஆள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரருக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதி வந்தவர், அந்த ஜனவரியில்தான் காலமானார். நம் அதிர்ஷ்டம் அப்படி.

பிற்காலப் புயல்களுக்கு வருவாய்த்துறைக் கட்டுகள் உண்டு. புயலடித்தால் குடியானவர் தீர்வை வஜா, அதாவது நிலவரித் தள்ளுபடி கேட்பார்; எந்த நிலத்தில் மணல் மூடியது, எந்த ஏரிக்கரை உடைந்தது என்று கணக்கு மேலே போகும். அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. வஜா கேட்பவர் கூட்டிச் சொல்வார், கொடுப்பவர் குறைத்து எழுதுவார். இரண்டுக்கும் நடுவே உண்மையைப் பிடிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

சரி, இதெல்லாம் எதற்கு? 2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை நீங்களே பார்த்தீர்கள். முந்திரி பிரேசில் நாட்டு மரம். போர்த்துகீசியர் கொண்டு வந்தது. அது இந்தச் செம்மண் மேட்டில் பரவி, ஊரே அதை நம்பிப் பிழைக்கிற நிலை வந்த பிறகு அடித்த புயல் அது. காற்றின் வேகத்தை வானிலைக்காரர் சொல்லிவிடுவார். ஒரே காற்று 1749இல் ஒரு சேதம் செய்யும், 2011இல் வேறு சேதம் செய்யும். நடுவில் மனிதன் என்ன நட்டான், என்ன கட்டினான் என்பதுதான் எங்கள் பாடம்.

புதுச்சேரிக் கடற்கரையைப் பாருங்கள். அங்கே புயல்கூடத் தேவைப்படவில்லை. தெற்கே துறைமுகத்துக்காக 1980களின் கடைசியில் அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். வருடத்தில் பெரும்பாலான மாதங்கள் வடக்கு நோக்கி நகர்கிற மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே கரை கரைந்தது, பாறாங்கல்லைக் கொட்டினார்கள். மணல் இருந்த நாளில் கரைவலை எங்கே இழுத்தார்கள் என்பது எந்தக் கோப்பில் இருக்கும்? மீனவர் குப்பத்துப் பெரியவர்களிடம்தான் போய்க் கேட்க வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் பழைய தீர்வை ரசீது, அடங்கல் (கிராமத்துப் பயிர்க் கணக்கு), தாத்தாவின் முந்திரி விற்ற நோட்டு ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். என்னிடம் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுகிறேன். டீயும் என் செலவு.