உப்பு தின்றவனும் தண்ணீர் குடித்தவனும்

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஓரிரு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி, என் நேரத்திலும் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு போன புலவர் ஐயா அவர்களே, நாற்காலி கிடைக்காமல் பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே வண்டியை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் மாப்பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

சால்வை வேண்டாம், சென்னிமலைக் கைத்தறித் துண்டு போதும் என்று சொல்லியிருந்தேன். அதை மதித்து வாங்கி வந்த செயலாளர் தம்பிக்குத் தனியாக ஒரு நன்றி. நல்ல அடர் நீலம். இந்த நீலத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

'இரசாயனமும் உயிர்களும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, சாயத் தண்ணீர் மண்ணை என்ன செய்கிறது. இரண்டு, மீனையும் ஆடுமாட்டையும் என்ன செய்கிறது. மூன்று, சட்டம் என்ன செய்தது.

உப்பு தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். முப்பத்தோரு வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இதைவிடப் பிடித்த பழமொழி கிடையாது. ஆனால் நம் நொய்யல் ஆற்றங்கரையில் இந்தப் பழமொழி பொய்த்துப் போயிற்று. உப்பைத் தின்றது ஓர் ஊர், தண்ணீர் குடித்தது இன்னோர் ஊர்.

சாயத்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பருத்தி நூலைத் தண்ணீரில் போட்டால் அதற்கு எதிர்மின் தன்மை. சாயத்துக்கும் அதே எதிர்மின் தன்மை. மாமியாரும் மருமகளும் மாதிரி, பக்கத்தில் வரவே வராது. நடுவில் சமாதானம் செய்து சாயத்தை நூலிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் உப்பின் வேலை. அப்புறம் சலவைச் சோடாவைப் போட்டால் சாயம் நூலோடு கெட்டியாகிவிடும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்த்தியான நிறம் வேண்டுமென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் உப்புகூடப் போடுவார்கள். கடல் தண்ணீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான். சமாதானம் முடிந்ததும் உப்பு துணியில் தங்குவதில்லை. போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

சாயம் கண்ணுக்குத் தெரியும். ஆறு சிவப்பாக ஓடினால் போட்டோ எடுத்துப் பத்திரிகையில் போடலாம். நிறத்தை எடுத்துவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நிறம் போகும், உப்பு போகாது. அதைப் பிரிக்க, தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி வடிக்கிற ஆர்ஓ வேண்டும், ஆர்ஓ தள்ளும் கழிவைக் காய்ச்ச ஆவியாக்கும் கலன் வேண்டும், அதற்கு விறகோ கரண்டோ வேண்டும். செலவு பிடித்த வேலை.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கொடுமுடிக்குக் கிட்டே காவிரியில் சேர்கிற ஆறு நொய்யல். பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-இல் திறந்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணீர் வந்து சேர்ந்து, கொஞ்ச வருஷத்தில் அது சாயக் கழிவுத் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறந்துவிடு என்று கேட்கிற விவசாயியைத்தான் உலகம் பார்த்திருக்கும். திறக்காதே என்று கேட்ட விவசாயி இங்கேதான் இருந்தான்.

இந்த இடத்தில் ஒரு பெண் பார்த்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். என் சொந்தக்காரர் வீட்டில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். முறுக்கு வந்தது, லட்டு வந்தது, பெண் தட்டத்தில் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. பக்கத்திலிருந்த நங்கையாளும் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனுங்க, பொண்ணுக்குச் சக்கரைக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டார். வீடே அமைதி. பெண் அழுதுகொண்டே உள்ளே ஓடிவிட்டாள். பெண்ணின் அப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து, "வாங்க சம்பந்தி" என்று எல்லோரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். மோட்டாரைப் போட்டு, ஒரு சொம்பில் பிடித்து, மாப்பிள்ளையின் அம்மாவிடம் நீட்டினார். அவர் குடித்துப் பார்த்தார், துப்பினார். துப்பிய பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். வரப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. தென்னையில் ஓலை நுனி தீய்ந்து, காய் எலுமிச்சம்பழம் அளவில் தொங்குகிறது. அன்றைக்கு நல்ல தண்ணி லாரி வரவில்லையாம், அதனால் கிணற்றுத் தண்ணியில் காபி. அந்த அம்மா கடைசியில் சொன்னது: "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்க. ஆனா தீபாவளிக்கு எம்பையன் இங்க வந்தா எதைக் குடிப்பான்?" கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வரும்போது வண்டியில் இரண்டு கேன் தண்ணியோடுதான் வருகிறார். உப்பு தின்றவன் எவனோ, தண்ணீர் சுமப்பவன் இந்த மாப்பிள்ளை!

சரி, மண்ணுக்கு வருவோம். களிமண் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, நடுவில் காற்றுக்கும் தண்ணீருக்கும் வழிவிட்டு நிற்கும். சோடியம் ஏறினால் அந்தப் பிடி விட்டுப்போகும், துகள் கலைந்து வழியை அடைத்துக்கொள்ளும். பாய்ச்சிய தண்ணீர் மேலே தேங்கி நிற்கும், அரை அடி கீழே தோண்டினால் காய்ந்து கிடக்கும். ஈரத்திலேயே நின்றாலும் உப்பு மிகுந்தால் வேரால் உறிஞ்ச முடியாது. பயிர் தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் வாடும்.

மீனைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். நன்னீர் மீனின் உடம்பு நன்னீருக்கென்று ஆனது, உடம்பின் உப்புக் கணக்கு தப்பினால் தாங்காது. இன்னும் சொல்ல நிறைய உண்டு. சட்டத்தைப் பற்றி ஒரு வரி: 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராதபடி சுத்திகரித்தால்தான் நடத்தலாம் என்று ஆயிற்று. திருப்பூர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது.

நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு கரும்பலகைதான். இதோ, பேனா மாதிரி இருக்கிறதே, டிடிஎஸ் மீட்டர்; ஒரு லிட்டர் தண்ணீரில் உப்பு மாதிரிக் கரைந்திருப்பது எத்தனை மில்லிகிராம் என்று காட்டும். மேடையில் எனக்கு வைத்த பாட்டில் தண்ணீரில் விடுகிறேன்: 62. இந்தச் சொம்பில் இருப்பது எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்: 3,140. குடிதண்ணீருக்கு 500-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பின்வரிசையில் இருப்பவர்களும் வந்து பார்க்கலாம். இந்த எண்ணை மாதம் ஒருமுறை ஒவ்வொரு பொதுக் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும் எடுத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் மாட்டிய அந்தக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுத வேண்டும். உப்பு தின்றவன் யார் என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்கிறவனுக்கு எதைக் குடிக்கிறோம் என்றாவது தெரியட்டும்.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கப் போகிறோம். தலைவர் அம்மா இங்கேயே இருக்கிறார்கள், தலையாட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள். மீட்டரை நானே வாங்கித் தருகிறேன். கையெழுத்து நோட்டு நூலகர் தங்கையிடம், சுண்டல் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நன்றியுரைத் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். வணக்கமுங்க.