எதுவரை தண்ணீர் குடிக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்த அம்மா ஒருவரைக் குடல் அறுவைக்காகக் கோவைக்கு அழைத்துச் சென்றேன். நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு மலை இறங்கினோம். அவருடைய முறை வந்தபோது பிற்பகல் மூன்று மணி. உதடு வெடித்து, நாக்கு எழாமல், "ஒரு மடக்கு குடு கண்ணு" என்று கேட்டார். செவிலியான நானே மறுத்துவிட்டேன். அந்த மறுப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற அச்சத்தில் பிறந்த விதி அது. அச்சம் நியாயமானது. ஆனால் தண்ணீர் இரைப்பையில் நெடுநேரம் தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டிய பின், திட உணவை மயக்க மருந்து கொடுப்பதற்கு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர், பால் சேர்க்காத தேநீர் போன்ற தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தினால் போதும் என்பதே பெரும்பாலானோருக்கு இன்றைய வழிகாட்டுதல். பால் தேநீர் இதில் சேராது. குடல் அடைப்பு உள்ளவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமானவர்களுக்கும் கணக்கு வேறு. அதை மயக்க மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1990களில் டென்மார்க்கின் அறுவை மருத்துவர் ஹென்ரிக் கெலெட், குடல் அறுவை முடிந்தவர்களை இத்தனை நாள் படுக்கையில் நிறுத்திவைப்பது எது என்று ஆராய்ந்தார். வலி, மந்தித்த குடல், அளவுக்கு மீறி ஏற்றிய சலைன், படுத்தே கிடப்பது என ஒவ்வொன்றாகக் கண்டு, அத்தனையையும் சேர்த்தே சரிசெய்தார். 2001இல் ஐரோப்பிய மருத்துவர்கள் கூடி வளர்த்தெடுத்த, அறுவைக்குப் பின் விரைவாகத் தேறச் செய்யும் 'ஈராஸ்' முறைக்கு அதுவே வேர்.

அறுவைக்குப் பின் காற்று பிரிந்தால்தான் கஞ்சி என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பேச்சு. வாய் வழியே ஒன்றும் கொடுக்காவிட்டாலும் உமிழ்நீரும் செரிமான நீரும் குடலில் போட்ட தையலைக் கடந்து ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சிறுகுடல் சில மணி நேரத்திலேயே அசையத் தொடங்குகிறது. பெருங்குடல் எழத்தான் இரண்டு மூன்று நாள் ஆகும். எனவே பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்துக்குள் சிறிது சிறிதாக உணவு தொடங்கலாம். மார்ஃபின் வகை மருந்துகள் குடலை மந்தமாக்குவதால், வேறு வலிநிவாரணிகளைச் சேர்த்து அவற்றின் அளவைக் குறைக்கிறார்கள். வலி அடங்கினால்தான் மறுநாளே எழுந்து நடக்க முடியும்.

குளிர்ந்த மலையில் வாழும் நாம் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரிடம் நடத்தி 1996இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவையின்போது உடல் குளிர்ந்தவர்களில் 19 விழுக்காட்டினருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது. உடற்சூடு காக்கப்பட்டவர்களில் 6 விழுக்காடுதான். ஆகவே உதகையில் பனி கொட்டும் மாதத்தில் புறப்படுகிறவர்கள் கம்பளியோடு போங்கள். குளிர்ந்தால் செவிலியரிடம் உடனே சொல்லுங்கள்.

அந்த அம்மாவுக்கு முதல் அறுவையில் மலம் வெளியேற வயிற்றில் வைத்த பையை எடுக்கச் சில மாதம் கழித்து மறுபடியும் அறுவை நடந்தது. இம்முறை நாள் குறித்தபோதே, எத்தனை மணிக்கு அறுவை, எதுவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்க மருத்துவரிடம் கேட்டுக் காகிதத்தில் எழுதி வாங்கினோம். மலை இறங்கிய பிறகு மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுபோன பாலில்லாத் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குடித்தார்.