மூக்குதான் கடைமடை

வணக்கம் நேயர்களே. நான் நீடாமங்கலம் பக்கத்துக்காரன். பொதுப்பணித்துறையில மதகு திறந்து மூடுற லஸ்கரா சேந்து ஒர்க் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனவன், மதகு, ஷட்டர், ஸ்கேல்னு முப்பது வருஷத்துக்கு மேல வெண்ணாத்தோடயே போச்சு. ஆனா இன்னிக்குப் பேச வந்தது ஆத்தைப் பத்தி இல்ல, தூக்கத்துல மூச்சு நிக்கிற வியாதிக்கு ராத்திரி போட்டுக்கிற மெஷினைப் பத்தி. சீபேப் மெஷின்னு சொல்வாங்க. ஒம்போது வருஷமா அதைப் போட்டுத்தான் தூங்குறேன். எங்க ஊர்ல யாருக்கு இந்த மெஷின் வந்தாலும் பையோட நம்ம வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுவாங்க. வந்தவங்கள்ட்ட முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: மெஷினுக்குள்ள மாஸ்க் செட்டிங், அதாவது முகத்துல மாட்டுறது எந்த வகைன்னு சொல்ற செட்டிங், என்ன வச்சிருக்கு? அனேகமா பதில் வராது. அந்த ஒரு கேள்விக்காகத்தான் இன்னிக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்.

குறட்டை பலமா வந்துகிட்டே இருக்கும், திடீர்னு சத்தம் நின்னுடும், பக்கத்துல படுத்திருக்கவங்களுக்கு பக்குனு இருக்கும், அப்பறம் ஒரு பெரிய இழுப்பு இழுத்து திரும்ப ஆரம்பிக்கும். இது உங்க வீட்ல இருந்தா சாதாரணக் குறட்டைதானேன்னு விட்டுடாதீங்க. தூக்கத்துல தொண்டைச் சதை தளந்து மூச்சு வழிய மூடிக்குது. மூச்சு 10 செகண்டாவது நின்னா அது ஒண்ணுன்னு கணக்கு, ரொம்பக் குறைஞ்சு போனாலும் சேத்துக்குவாங்க. ஒரு மணி நேரத்துக்கு 5-க்குக் கீழ இருந்தா பயமில்ல, 30-க்கு மேல போனா தீவிரம். எனக்கு 42 இருந்துச்சு. பகல்ல ஷட்டர் மேல உக்காந்தா கண்ணு சொக்கும், கீழ ஓடுற தண்ணிய நினைச்சாலே வீட்ல அழுவாங்க.

மெஷின் செய்யறது ஒரே வேலைதான். காத்தை ஒரே அழுத்தத்துல உள்ள தள்ளி அந்தத் தொண்டை மூடாம பாத்துக்கும். அழுத்தத்தை எதால அளக்குறாங்க தெரியுமா? தண்ணியால. 4 சென்டிமீட்டர் தண்ணி, 10 சென்டிமீட்டர் தண்ணின்னு 20 வரைக்கும் போவும். பப்பாளித் தண்டை ஒடிச்சு குளத்துல முக்கி ஊதியிருப்பீங்கள்ல சின்ன வயசுல? அந்தத் தண்டை அஞ்சு விரக்கடை ஆழத்துக்கு முக்கி, உள்ள ஏறுன தண்ணியத் தள்ளி முதல் குமிழி வரவைக்க எவ்ளோ ஊதணுமோ அதுதான் 10. அவ்ளோதான். இதைச் சொன்னாத்தான் எங்க ஊர் ஆளுங்களுக்கு பயமே போவும், ஏதோ லாரி டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி நினைச்சுகிட்டு இருப்பாங்க.

சரி, இப்ப மாஸ்க்குக்கு வர்றேன், அதுக்கு முந்தி ஒரு கதை சொல்லியே ஆவணும். நீடாமங்கலத்துக்கிட்ட மூணாறு தலைப்புன்னு இருக்கு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், வெண்ணாறு வந்து அங்க வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறுன்னு மூணா பிரியும். நான் வேலைக்குச் சேந்த புதுசு. முறை வச்சு தண்ணி விடுற நேரம். ஒரு பாசன வாய்க்காலுக்கு தலைமடையில தண்ணி மட்டம் காட்டுற ஸ்கேலைப் பாத்து, சொன்ன அளவுக்குச் சரியா நிறுத்திட்டு திருப்தியா வந்து படுத்துட்டேன். விடியக்காலம் கடைமடை விவசாயிங்க நாலஞ்சு பேரு சைக்கிள்ல வந்து நிக்கிறாங்க, தம்பி தண்ணியே வல்ல, நாத்து கருகுதுன்னு. நான் ஸ்கேலைக் காட்டுறேன், அளவு சரியா இருக்கு பாருங்கன்னு. அவங்களுக்கு அந்த ஸ்கேலால என்ன பிரயோசனம்? அப்ப எங்க பழைய லஸ்கர் ஒருத்தர் என்னை சைக்கிள்ல ஏத்திகிட்டு வாய்க்கால் கரையோடயே கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு. வழி பூரா ஆகாயத்தாமரை, ஒரு இடத்துல வாய்க்கால் குறுகலு, இன்னொரு இடத்துல வடிகாலுக்கு ஓடிப் போவுது. அவர் சொன்னாரு, தம்பி, தலைமடையில நிக்கிற தண்ணி உன் கணக்கு, கடைமடையில நிக்கிறதுதான் அவன் கணக்கு, எந்த வாய்க்கால்னு தெரியாம எவ்ளோ திறக்கணும்னு சொல்லவே முடியாதுன்னாரு.

இந்த மெஷினும் அதே மாதிரிதான். அழுத்தத்தை அளக்குற சென்சார் கட்டிலுக்குப் பக்கத்துல மெஷினுக்குள்ள இருக்கு. மூக்கு இருக்கறது ஆறடி டியூபுக்கு அந்தாண்ட. மெஷின் தலைமடை, மூக்கு கடைமடை. நடுவுல டியூபும் மாஸ்கும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும். டாக்டர் 10 எழுதியிருந்தா அந்த 10 மூக்குல கிடைக்கணும், மெஷின் வாசல்ல கிடைச்சு ஆவப்போறது ஒண்ணுமில்ல. அதனால எந்த வாய்க்கால்னு மெஷின் கேக்குது: மூக்கு ஓட்டையில மட்டும் சொருகுறதா, அது பில்லோஸ், மூக்கை மூடுறதா, அது நேசல், மூக்கு வாய் ரெண்டையும் சேத்து மூடுறதா, அது ஃபுல் ஃபேஸ். மூணாறு தலைப்பு மாதிரி மூணு. எதுன்னு சொன்னா அதுக்குத் தக்கன கணக்குப் போட்டுக்கும்.

இதுல இன்னொரு சங்கதி இருக்கு, அதைத்தான் நான் பெருசா நினைக்கிறேன். உங்க மாஸ்க்குல பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், தடவிப் பாருங்க, காத்து வந்துகிட்டே இருக்கும். சில பேரு ஓட்டைன்னு நினைச்சு டேப் போட்டு ஒட்டிட்டாங்க. ஒட்டவே கூடாது! நாம விடுற கெட்ட காத்து வெளிய போறதுக்குன்னு வச்ச வடிகால் அது. வடிகால் இல்லாத வயல் என்ன ஆவும்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? இந்த வடிகால் வழியா நிமிஷத்துக்கு எவ்ளோ போவும்னு மாஸ்க்குக்கு மாஸ்க் ஒரு அளவு இருக்கு, அழுத்தம் கூடுனா அதுவும் கூடும். மெஷின் மொத்தமா போற காத்துல இந்த வடிகால் காத்தைக் கழிச்சுட்டு, மிச்சத்தைத்தான் லீக்குன்னு காட்டும், அதாவது கரை உடைப்பு. மாஸ்க் செட்டிங் தப்பா இருந்தா வடிகால்ல போறது உடைப்புல சேந்துடும், இல்ல உடைப்பு வடிகால்ல மறைஞ்சுடும்.

எனக்கு அப்படித்தான் ஆச்சு. மெஷினைக் கொண்டாந்து குடுத்த ஆளு ஃபுல் ஃபேஸ் மாஸ்கை மாட்டிவிட்டாரு, உள்ள செட்டிங்க வேற மாஸ்க்குல வச்சுட்டுப் போயிட்டாரு. தினம் காலையில திரையில லீக்குன்னு காட்டும். நானும் ராத்திரி ராத்திரி பட்டையை இழுத்து இழுத்துக் கட்டி மூக்குத் தண்டுல புண்ணே வந்துட்டுது. மூணு மாசம். எவ்ளோ பேரு இந்தக் கட்டத்துலதான் மெஷினைத் தூக்கி பரண்ல போட்டுடுறாங்க, நினைச்சா மனசு ஆறமாட்டேங்குது. ஒருநா உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தப்பதான் கண்டுபுடிச்சேன். மாத்துன உடனே எல்லாம் சரியாயிட்டுதுன்னு சொல்லமாட்டேன், அழுத்தத்துல பெரிய வித்தியாசமும் கிடையாது, ஆனா நம்பக்கூடிய கணக்கு ஒண்ணு கைக்கு வந்துச்சு. அதுக்கப்பறம் நெசமான உடைப்பைத் தேடுனேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்ச அன்னிக்கு மட்டும் லீக்கு எகிறுது! முகத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா மாஸ்க்கோட சிலிகான் விளிம்பு பிடிக்காது, வழுக்கும். படுக்குமுந்தி முகத்தை சோப்பு போட்டுக் கழுவுங்க, காலையில மாஸ்கையும் கழுவுங்க. பட்டையை உக்காந்துகிட்டு கட்டாதீங்க, படுத்தா முகம் வேற மாதிரி ஆவும், மெஷினை ஓடவிட்டு, படுத்துகிட்டு, காத்துல அந்த சிலிகான் உப்பி உக்காந்தப்பறம் கட்டுங்க. இறுக்கமா இருக்கணும்னு இல்ல, படிஞ்சு இருந்தா போதும்.

எங்க மாத்துறதுன்னு கேப்பீங்க. ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10 மெஷின்னா மை ஆப்ஷன்ஸ்னு ஒரு பக்கம், அதுல மாஸ்க்னு இருக்கும், நாமளே மாத்திக்கலாம். அதுல லீக்கு நிமிஷத்துக்கு 24 லிட்டருக்குள்ள இருந்தா சரின்னு எடுத்துக்குது. பழைய பிலிப்ஸ் மெஷின்கள்ல எக்ஸ் 1, எக்ஸ் 2-ன்னு நம்பர் வரும், அவங்க மாஸ்க் மேலயே அது பொறிச்சிருக்கும், பாத்து வைக்கணும். மாஸ்க் வேற வாங்குனா, இது முக்கியம், வேற வாங்குனா செட்டிங்கையும் மாத்தணும். ஆனா அழுத்தத்துல மட்டும் கை வைக்காதீங்க, அது டாக்டர் வேலை.

இன்னொண்ணு, மாஸ்க் என்னத்துக்கு இவ்ளோ முக்கியம்னா, ஆஸ்திரேலியாவுல கொலின் சல்லிவன்னு ஒரு டாக்டர், 1980-ல இதை முதல்ல மனுசனுக்குப் போட்டுப் பாத்தவரு, 1981-ல 5 பேருக்குப் பண்ணிப் பாத்ததை எழுதுனாரு. காத்துக்கு வாக்குவம் கிளீனர் மோட்டாரே போதுமா இருந்துச்சு, ஆனா காத்து வெளிய ஓடாம இருக்க மூக்குல தினம் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்துச்சு. அன்னிக்கும் கஷ்டம் கடைமடையிலதான்.

கண்ணாடிக்கு அந்தாண்ட ரெண்டு விரலைக் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. ரேம்ப் பத்தி சொல்லணும்னு எழுதி வச்சிருந்தேன், படுத்த உடனே கம்மியா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தும், மூச்சு முட்டுற மாதிரி இருக்கவங்க அதைப் போட்டுக்கங்க. காத்தை ஈரமாக்குறதுக்கு மெஷின்ல இருக்க தண்ணி டப்பாவுல போர் தண்ணி ஊத்தாதீங்க, வெள்ளையா உப்பு படியும், டிஸ்டில்ட் வாட்டர்தான். கரண்டு போச்சுன்னா, 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்ப எத்தனை நாளு இருட்டுல கிடந்தோம், அப்ப இன்வெர்ட்டர்ல ஓட்டுறவங்க அந்தத் தண்ணி சூடு பண்றதை நிறுத்திடுங்க, கரண்டை அதிகமாத் தின்றது அதுதான், நிறுத்துனா இன்னும் ரொம்ப நேரம் ஓடும். ஃபுல் ஃபேஸ்ல மெஷின் நின்னா வெளிக் காத்து வர தானா திறக்குற வால்வு ஒண்ணு இருக்கும், கழுவுறப்ப அதுல அழுக்கு அடைச்சிருக்கான்னு பாருங்க. இன்னிக்கு ராத்திரி படுக்குமுந்தி அந்த மாஸ்க் செட்டிங்க ஒரு தடவை திறந்து பாத்துடுங்க. வணக்கம்.