கார்சியாவை ஏன் ஊருக்குள் விடவில்லை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 1898-இல் அமெரிக்கா ஸ்பெயினோடு போருக்குப் போனது, ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவின் விடுதலைக்கா, தன் ஆதிக்கத்துக்கா? ஆதிக்கத்துக்கே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் ஸ்பானியத் தளபதி வேய்லர் செய்த கொடுமைகளைச் சொன்னார். அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க மாட்டேன். கியூபாவின் கிராமத்து மக்களைக் காடு கழனியிலிருந்து பிடுங்கிக் காவல் போட்ட ஊர்களுக்குள் அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் லட்சம் பேருக்கு மேல் மடிந்தார்கள். அதைக் கேட்டு அமெரிக்க மக்கள் நெஞ்சு பதறியதும் உண்மைதான். ஆனால் மக்களின் பதைப்பு வேறு, அரசாங்கத்தின் கணக்கு வேறு.

பிப்ரவரி 15 இரவு, ஹவானா துறைமுகத்தில் மெயின் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்தது. 260 பேருக்கு மேல் பலி. ஸ்பெயின்தான் செய்தது என்று பத்திரிகைகள் கொதித்தன. அதற்கு உறுதியான ஆதாரம் இன்றுவரை கிடையாது. சரி, பத்தே நாளில் என்ன நடந்தது? கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், ஹாங்காங்குக்குப் போகச் சொல்லி ஆசியக் கடலில் இருந்த அமெரிக்கக் கப்பற்படைத் தளபதி டூயிக்குத் தந்தி அடிக்கிறார். நிலக்கரியை நிரப்பி வையுங்கள், போர் வந்தால் ஸ்பெயினின் கையில் இருந்த பிலிப்பைன்ஸில் தாக்குங்கள் என்கிறார். அழுதது கியூபாவுக்கு, நிலக்கரி ஏற்றியது மணிலாவுக்கு! மே 1 அன்று மணிலா விரிகுடாவில் ஸ்பானியக் கப்பற்படை ஒரே காலையில் அழிந்தது.

டெல்லர் திருத்தத்தையும் அம்மையார் எடுத்துக் காட்டினார். கியூபாவை இணைத்துக்கொள்ள மாட்டோம் என்று அமெரிக்க நாடாளுமன்றம் கொடுத்த வாக்கு அது. அந்த வாக்கில் ஸ்பெயின் ஆண்ட புவேர்ட்டோ ரிக்கோவும் இல்லை, பிலிப்பைன்ஸும் இல்லை. அதைவிட முக்கியம், 1895-இலிருந்து ஆயுதம் ஏந்திப் போராடிய கியூபக் குடியரசை அங்கீகரிக்க அதிபர் மெக்கின்லி மறுத்துவிட்டார். கியூப விடுதலைத் தலைவர்கள் ஒசே மார்த்தியும் அந்தோனியோ மசேயோவும் களத்தில் உயிரை விட்டது அந்தக் குடியரசுக்காகத்தானே? விடுவிக்கப் போகிறவர் அந்த நாட்டுக்காரனின் அரசை ஏன் ஏற்க மறுக்கிறார்?

இப்போது என்னோடு கியூபாவின் சாந்தியாகோ நகருக்கு வாருங்கள். ஜூன் மாதம் தைகிரி கரையில் அமெரிக்கப் படை இறங்கியபோது துணை நின்றவர்கள் கியூப விடுதலைப் படைத் தளபதி கலிக்ஸ்டோ கார்சியாவின் வீரர்கள். ஜூலை 17, நகரம் சரணடைகிறது. ஆளுநர் மாளிகையில் அமெரிக்கக் கொடி ஏறுகிறது. கார்சியாவின் வீரர்களை ஊருக்குள் விடவில்லை. பழி வாங்கிவிடுவார்களாம்! ஆனால் ஸ்பானிய அதிகாரிகள் அதே நாற்காலியில் தொடர்ந்தார்கள். கார்சியா, அமெரிக்கத் தளபதி ஷாஃப்டருக்குக் கடிதம் எழுதினார். நாங்கள் கந்தல் உடுத்திய ஏழைப் படை. விடுதலைக்குப் போராடிய உங்கள் முன்னோரின் படையும் இப்படித்தான் இருந்தது என்ற பொருள்பட எழுதினார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது. மூன்று வருடம் தோட்டாவுக்கு நெஞ்சைக் காட்டியவன், தன் ஊர் வாசலில் அந்நியனிடம் அனுமதி கேட்டு நிற்பதா?

ஆகஸ்டில் மணிலாவிலும் இதே கதைதான். ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய பிலிப்பினோ படையை வெளியே நிறுத்தி, பேசிவைத்த ஒரு சண்டையை நடத்திவிட்டு ஸ்பெயின் அமெரிக்காவிடம் நகரத்தை ஒப்படைத்தது. டிசம்பர் 10, போரை முடித்துவைத்த பாரிஸ் உடன்படிக்கை. மேசையில் கியூபரும் இல்லை, பிலிப்பினோவும் இல்லை. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர் விலை பேசினார்கள். அடுத்த பிப்ரவரியிலேயே அந்த மக்கள் மீது அமெரிக்கத் துப்பாக்கி திரும்பியது. சுதந்திரம் வர 1946 ஆயிற்று.

கியூபா மட்டும் தப்பியதா? தன் உள்நாட்டு விவகாரத்தில் அமெரிக்கா தலையிடலாம் என்ற பிளாட் திருத்தத்தைத் தன் அரசியல் சட்டத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் 1902-இல் அமெரிக்கப் படை வெளியேறியது. மறு ஆண்டு கியூபாவின் குவாண்டானமோ விரிகுடா அமெரிக்கக் கடற்படைத் தளத்துக்காகக் கைமாறியது. இன்றும் அங்கே பறப்பது அமெரிக்கக் கொடிதான்.

நடுவர் அவர்களே, சாந்தியாகோ வாசலில் நின்ற அந்தக் கந்தல் படையின் பக்கம் தீர்ப்பு சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.