முளையிலே கிள்ள வேண்டிய நோய்

பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்த கோயில் அறங்காவலர்களே, மேடையில் வீற்றிருக்கும் மருத்துவப் பெருமக்களே, காவடிப் பணிகளுக்கு நடுவிலும் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்துள்ளேன்: அதை உண்டாக்கும் வைரஸ் நம் மரபணுக்களை எவ்வாறு ஆட்டிவைக்கிறது, அதை எவ்வாறு தடுப்பது. 'முளையிலே கிள்ளாதது முற்றினால் கோடரி கொண்டு வெட்ட வேண்டும்' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். இன்று என் பேச்சுக்கு அதுவே அடிப்படை.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பாப்பிலோமா வைரஸே காரணம் என்று கண்டறிந்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வைரஸின் ஈ6, ஈ7 என்னும் மரபணுக்களை அதன் ஈ2 புரதமே அடக்கி வைத்திருக்கும். பெரும்பாலோருக்குத் தொற்று இரண்டாண்டுகளுக்குள் தானாக நீங்கிவிடும்; நீங்காத சிலரிடம், வைரஸின் டி.என்.ஏ. உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள் செருகிக்கொள்ளும்போது ஈ2 மரபணு அறுபட, மற்ற இரண்டும் கட்டவிழ்ந்து பெருகுகின்றன. ஈ7, உயிரணு கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் ஆர்பி புரதத்தை முடக்கி, உயிரணுவைப் பிரிந்து பெருகச் செய்யும் மரபணுக்களைத் திறந்துவிடுகிறது. ஈ6, பழுதுபட்ட உயிரணுவை நிறுத்தக் காவல் நிற்கும் பி53 புரதத்தை அழிக்கிறது. 1951இல் ஒரு பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுக்கப்பட்டு இன்றும் ஆய்வகங்களில் வளரும் ஹீலா புற்றணுக்களுக்குள் ஈ2வை மீண்டும் செலுத்தியபோது அவற்றின் பெருக்கம் நின்றது. என்னை மிகவும் நெகிழவைத்த செய்தி இது: அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பி53, ஆர்பி ஆகிய காவல் மரபணுக்கள் அங்கே சிதையாமல் காத்திருந்தன.

என் அத்தை ஒருவர் இருந்தார். மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பின் உதிரம் கண்டது. மருமகளிடம் சொல்லவும் வெட்கப்பட்டு, பழந்துணிகளைத் தாமே துவைத்துத் தோட்டத்து மூலையில், வாழைகளுக்குப் பின்னால் காயவைத்தார். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் நூறு பேருக்கு ஊற்றிய கை அது. அந்த ஆண்டு பானையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டபோதுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பத்தாண்டுகளுக்கு முன் கருப்பை வாயின் உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும் ஒரு பாப் சோதனை செய்திருந்தால் போதும் என்றார் மருத்துவர். அத்தை என்னைப் பார்த்து, "யாரும் எனக்குச் சொல்லவில்லையே, அப்பா" என்றார். முளையிலே கிள்ளவில்லை, கோடரியும் உதவவில்லை.

ஆகவே தாய்மார்களே, நம் தென்னாப்பிரிக்க நாட்டு அரசுப் பள்ளிகளில் 2014 முதல் ஒன்பது வயது நிறைந்த சிறுமிகளுக்கு இந்த வைரஸைத் தடுக்கும் ஊசி இலவசமாகப் போடப்படுகிறது. பெற்றோர் கையொப்பம் வேண்டும். மகளின் புத்தகப்பையில் கசங்கிக் கிடக்கும் அந்தப் படிவத்தை இன்றிரவே எடுத்துப் பாருங்கள். ஐயம் இருந்தால், வாசலருகே அமர்ந்திருக்கும் செவிலியர் அம்மையாரிடம் கேளுங்கள். நானும் விளக்கு அணைக்கும்வரை இங்கேதான் இருப்பேன்.