மரத்தூண் மேல் நிற்கும் பள்ளிக்கூடம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘இங்கிலாந்துச் சந்தை ஊரின் அழகுக்குக் காரணம் பழைய கட்டடங்களா, சந்தை வியாபாரமா?’ இதுதான் தலைப்பு. வியாபாரமே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் மார்க்கெட் ஹார்பரோவின் தேவாலயக் கோபுரத்தையும் பழைய பள்ளிக்கூடத்தையும் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டார். சரி, நானும் அதே ஊருக்கே போகிறேன்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊரில் 1204-க்குள்ளேயே சந்தை கூடத் தொடங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமைச் சந்தை 1221-இல் ஏற்பட்டது. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை அங்கே சந்தை உண்டு!

நண்பர் மெச்சிய பள்ளிக்கூடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 1614-இல் கட்டியது. அந்த ஊரில் பிறந்து லண்டனுக்குப் போய் முன்னுக்கு வந்த ராபர்ட் ஸ்மித் என்பவர் நிறுவியது. ஆனால் தரைத்தளத்தில் வகுப்பறையே கிடையாது. தடித்த மரத்தூண்கள் மட்டும்தான். வகுப்பு மாடியில் நடந்தது. ஏன் அப்படிக் கட்டினார்கள்? கீழே வெண்ணெய்ச் சந்தை நடக்க வேண்டும், விற்க வந்தவர்கள் மழையில் நனையக் கூடாது என்பதற்காக! பிள்ளைகள் மேலே பாடம் படிக்க, கீழே வெண்ணெய்க்கு விலை பேசியிருக்கிறார்கள். எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து, 1915-இல் மகனோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கிய வில்லியம் ஹென்றி பிராக் சிறுவயதில் படித்த பள்ளி இது. அந்தத் தூண்களை நிறுத்தியது சந்தையின் தேவை, நடுவர் அவர்களே. அந்தத் தேவை இல்லையென்றால் நண்பர் வியந்த அழகும் இல்லை.

அடுத்து, தேவாலயம். புனித டயோனிசியஸ் பெயரில் உள்ளது. கோபுரம் அழகுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைச் சுற்றி ஒரு கல்லறைத் தோட்டம்கூட இல்லையே, நண்பர் கவனித்தாரா? பழைய ஊர் பக்கத்தில் உள்ள கிரேட் பௌடன். தாய்த் தேவாலயம் அங்கேதான் இருந்தது. ஹார்பரோ வியாபாரத்துக்கென்றே வகுத்த புது ஊர். அதனால் இங்கே கல்லறைத் தோட்டம் இல்லாத ஒரு துணை ஆலயம்தான் எழும்பியது, அதுவும் கடைத்தெரு நடுவிலேயே! ‘ஹை ஸ்ட்ரீட்’ என்ற முக்கியத் தெரு அவ்வளவு அகலமாக இருப்பதும் சந்தை கூட இடம் வேண்டும் என்பதால்தான். அப்புறம், ‘த்ரீ ஸ்வான்ஸ்’ போன்ற பழைய விடுதிகளைப் பிழைக்க வைத்தது யார்? சந்தைக்கு வந்தவர்களும் குதிரை வண்டிப் பயணிகளும்தானே?

“இன்று சந்தை தெருவை விட்டுக் கூரைக்குள் போய்விட்டது, கட்டடங்கள்தானே மிச்சம்” என்றும் எதிரணி நண்பர் கேட்டார். இடம் மாறியிருக்கலாம். எண்ணூறு வருஷம் தாண்டியும் சனங்கள் காய்கறி வாங்க வருகிறார்கள் அல்லவா? ஆள் வரத்து நின்றுபோன ஊரில் எந்தப் பழைய கட்டடத்தை யார் பழுதுபார்த்துக் காப்பாற்றுவார்கள்? அந்தத் தூண்களையும் அகலத் தெருவையும் மனதில் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.